பால் ஒத்துக்கொள்ளாத, எடை குறைந்த குழந்தை: எந்த வழியில் எடையைக் கூட்டலாம்?

என் மகனுக்கு மூன்று வயது நடக்கும்போது பாலை நிறுத்தினோம். பல மாதங்களாக விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த வாந்தியும் வயிற்றுப்போக்கும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிட்டன. அப்பாடா என்று இருந்தது. ஆனால் அடுத்த ஐந்து மாதத்தில் அவன் எடை அசையவே இல்லை. ஏற்கனவே மெலிந்த பிள்ளை. வயிறு சரியான பிறகும் உடம்பு ஏன் தேறவில்லை என்று புரியாமல் தவித்தோம்.

காரணத்தை உணவியல் நிபுணர் ஒருவர் ஐந்தே நிமிடத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். முன்பு அவன் தினமும் இரண்டு கப் கொழுப்பு நீக்காத பால் குடித்தான். ஒரு கப், அதாவது 240 மில்லி, சுமார் 150 கலோரி, 8 கிராம் புரதம், 8 கிராம் கொழுப்பு. அதற்குப் பதிலாக நாங்கள் கொடுத்தது சர்க்கரை சேர்க்காத பாதாம் பால். அதில் ஒரு கப்புக்கு 30 முதல் 40 கலோரி, 1 கிராம் புரதம். அதே வெள்ளை நிறம், அதே கப், அதே நேரம். ஆனால் நாளொன்றுக்கு 220 கலோரிக்கு மேல் எங்களுக்குத் தெரியாமலே காணாமல் போயிருந்தது. அந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவைப்படுவதே சுமார் 1,000 முதல் 1,400 கலோரிதான்.

அன்றைக்குப் புரிந்த விஷயத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பால் ஒரு பானம் மட்டும் இல்லை. கலோரி, கொழுப்பு, புரதம், கால்சியம் என்று நாலைந்து வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துவந்த உணவு. அதை எடுத்த பிறகு அந்த வேலைகளை யாரிடம் ஒப்படைக்கப் போகிறோம் என்று பார்த்தால், எந்த வழி நல்ல வழி என்பது தானாகவே தெளிவாகும்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் தேர்வு செய்ய முடியாது

"பால் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நாம் சொல்வதற்குள் இரண்டு வேறு வேறு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க முடியாமை. அதை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி சிறுகுடலில் போதாவிட்டால், செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைக்கும். வாயு, உப்புசம், வலி, தண்ணீராகப் போவது எல்லாம் அதனால்தான். தொல்லையான விஷயம், ஆனால் உயிருக்கு ஆபத்து கிடையாது.

இன்னொன்று, பால் புரதத்துக்கு ஒவ்வாமை. கேசின், வே போன்ற புரதங்களை உடலின் எதிர்ப்பு அமைப்பு எதிரியாக எடுத்துக்கொள்கிறது. சில குழந்தைகளுக்குக் குடித்த சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, முக வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு வரும். இது உயிருக்கே ஆபத்தாகலாம். வேறு சிலருக்கு, என் மகனுக்கு இருந்ததுபோல, பல மணி நேரமோ சில நாட்களோ கழித்து வாந்தி, வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், எடை தேறாமை என்று மெதுவாகத் தெரியும். மெதுவாக வருவதால்தான் இதைக் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.

குழந்தையின் வயது ஒரு நல்ல துப்பு. மரபுப்படி லாக்டேஸ் படிப்படியாகக் குறைவது பெரும்பாலும் ஐந்து வயதுக்குப் பிறகுதான் தொந்தரவாகத் தெரியவரும். இரண்டு வயதுக் குழந்தைக்கு லாக்டோஸ் செரிக்கவில்லை என்றால், கடுமையான வயிற்றுப்போக்கு ஏதாவது வந்து குடலின் உட்சுவர் புண்பட்டிருக்கலாம். குடல் ஆறியதும், பொதுவாகச் சில வாரங்களில், அது சரியாகிவிடும். கோதுமையில் உள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயும் இதேபோலக் காட்டும். இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வெறும் லாக்டோஸ் சிக்கல் மட்டுமே ஒரு குழந்தையை மிக மெலிந்துபோகச் செய்வது அபூர்வம். எடை தொடர்ந்து தேறாவிட்டால், பாலின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், வேறு காரணம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரும்புச்சத்துக் குறைவும் நாள்பட்ட மலச்சிக்கலும் கூடப் பசியைக் கெடுக்கும்.

சரி, எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஊதத் தெரிந்த பெரிய குழந்தைகளுக்கு மூச்சில் ஹைட்ரஜனை அளக்கும் பரிசோதனை இருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு, மருத்துவர் சொன்னபடி இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்திப் பார்த்து, பிறகு மறுபடி கொடுத்துப் பார்ப்பதுதான் வழக்கமான முறை. உடனடியாக வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்த குழந்தைக்கு இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது.

லாக்டோஸ் நீக்கிய பால்

சிக்கல் லாக்டோஸ் மட்டும்தான் என்று உறுதியானால், எடை கூட்ட இதைவிட எளிய வழி கிடையாது. இது சாதாரணப் பால்தான். லாக்டேஸ் நொதியைச் சேர்த்து லாக்டோஸை முன்கூட்டியே குளுக்கோஸ், காலக்டோஸ் என்று உடைத்துவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் கூடுதலாக இனிக்கும். கலோரி, புரதம், கால்சியம் எதுவும் குறையாது. கொழுப்பு நீக்காத வகையாகப் பார்த்து வாங்கினால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லாக்டோஸ் சிக்கல் உள்ளவர்கள் எல்லோரும் பாலை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு கப் பாலில் இருக்கும் லாக்டோஸ் சுமார் 12 கிராம். வளர்ந்தவர்களில் பலர் அந்த அளவைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தாங்கிக்கொள்கிறார்கள். குழந்தைக்கு இன்னும் சிறிய அளவில் தொடங்கிப் பார்க்கலாம். தயிரில் லாக்டோஸ் குறைவு. நாள்பட முதிரவைத்த கெட்டியான சீஸில் அனேகமாக இல்லவே இல்லை. வெண்ணெயில் மிகக் கொஞ்சம். எடை குறைந்த குழந்தைக்கு சீஸும் வெண்ணெயும் கைகொடுக்கும் உணவுகள், காரணமில்லாமல் அவற்றை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஆனால் புரத ஒவ்வாமை என்றால் இந்த வழி முழுக்க மூடப்பட்டது. லாக்டோஸ் நீக்கிய பாலில் புரதம் அப்படியே இருக்கிறது. "ஆட்டுப்பால் கொடுத்துப் பாருங்கள்" என்று எங்களிடம் சொல்லாதவர்களே இல்லை. மாட்டுப்பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. இரண்டின் புரதங்களும் அவ்வளவு ஒத்தவை.

தாவரப் பால்களுக்குள் பெரிய வித்தியாசம் இருக்கிறது

ஒவ்வாமை உள்ள குழந்தையின் பெற்றோர் முதலில் வந்து நிற்கும் இடம் இதுதான். எல்லாப் பெட்டியிலும் பால் என்று எழுதியிருப்பதால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஒரு கப் கணக்கில் பாருங்கள்: சர்க்கரை சேர்க்காத சோயா பாலில் 80 முதல் 100 கலோரி, 7 கிராம் அளவுக்குப் புரதம். பட்டாணிப் புரதத்தில் செய்த பாலும் ஏறக்குறைய அதே அளவு. ஓட்ஸ் பாலில் கலோரி சுமார் 120 என்றாலும் புரதம் 3 கிராம்தான். பாதாம் பாலைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். பெயரில் பாதாம் இருக்கிறதே தவிர, பெட்டியில் பெரும்பங்கு தண்ணீர்.

அரிசிப் பாலை நான் தேர்வுப் பட்டியலிலேயே சேர்க்க மாட்டேன். அதில் புரதம் ஒரு கிராம்கூட இருக்காது. பால் நிறுத்திய கைக்குழந்தைகளுக்கு அரிசிப் பானத்தையே முக்கிய உணவாகக் கொடுத்து, புரதக் குறைவால் உடல் வீங்கி மருத்துவமனையில் சேர்த்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிசியில் ஆர்சனிக் சேரும் தன்மை இருப்பதால், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரிசிப் பால் வேண்டாம் என்று பிரிட்டனின் அரசு சுகாதார ஆலோசனை சொல்கிறது.

தேங்காய்ப் பால் விஷயத்தில் குழம்ப வேண்டாம். பெட்டியில் குடிப்பதற்கென்று வரும் தேங்காய்ப் பானம் நீர்த்தது, புரதம் இல்லாதது. சமையலுக்கான கெட்டித் தேங்காய்ப் பால் வேறு ரகம். அதில் 100 மில்லியில் 200 கலோரி வரை இருக்கும். குடிக்கக் கொடுக்கும் பாலாக அதை நினைக்காதீர்கள். சூப்பிலோ கஞ்சியிலோ ஊற்றும் கொழுப்பாக அது மிக நல்லது.

ஆகவே எடை குறைந்த, ஒரு வயது தாண்டிய குழந்தைக்குக் கப்பில் ஊற்ற ஒன்று வேண்டும் என்றால், சோயாவோ பட்டாணியோதான் என் தேர்வு. சோயாவும் ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் உண்டு. முதல் சில வாரங்கள் கவனியுங்கள். கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்தது என்று லேபிளில் இருக்க வேண்டும். ஆர்கானிக் வகைகள் பலவற்றில் இவற்றைச் சேர்ப்பதில்லை, வீட்டில் அரைத்து வடிகட்டுவதிலும் இருக்காது. சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும், ஆகவே ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்ற வேண்டும்.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்தத் தாவரப் பால் எதுவுமே முக்கியப் பாலாக ஆகாது. தாய்ப்பால் தொடரலாம். தேவைப்பட்டால் தாய் தன் உணவில் பாலைத் தவிர்க்கும்படி மருத்துவர் சொல்வார். இல்லையென்றால், புரதத்தை நுண்ணிய துண்டுகளாக உடைத்த சிறப்புப் பால்மாவு. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஒத்துக்கொள்ளும். அதற்கும் சரியாகாத சிலருக்கு அமினோ அமிலத்தில் செய்த மாவு இருக்கிறது. இதை நீங்களாகத் தேர்வு செய்யாதீர்கள், மருத்துவர் எழுதித் தரட்டும்.

தட்டில் இருப்பதையே கெட்டிப்படுத்துவது

என்னைக் கேட்டால், எல்லா வழிகளிலும் அதிகம் பலன் தருவதும் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். குழந்தை ஏற்கனவே சாப்பிடும் அளவைக் கூட்டாமல், அதே கவளத்துக்குள் கூடுதல் சக்தியை வைப்பது. பசி குறைந்த பிள்ளையிடம் "இன்னும் நாலு வாய்" என்று கெஞ்சுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

கணக்கு எளிது. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி தரும், மாவுச்சத்தும் புரதமும் 4 தான் தரும். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் சுமார் 40 கலோரி. சோறு, கஞ்சி, பருப்பு, சூப், பாஸ்தா, உருளைக்கிழங்கு மசியல் எதிலும் ஒரு டீஸ்பூன் கலந்தால் குழந்தைக்குத் தெரியவே தெரியாது. ஒரு முட்டை 70 கலோரி, 6 கிராம் புரதம். ஒரு டேபிள்ஸ்பூன் பீனட் பட்டர் 95 கலோரி, 4 கிராம் அளவுக்குப் புரதம். 100 கிராம் அவகாடோவில் 160 கலோரி. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் பொரித்த முட்டையையும், பீனட் பட்டர் தடவிய ரொட்டியையும் கொடுத்தால், ரொட்டியைக் கணக்கில் சேர்க்காமலே 200 கலோரியும் 10 கிராம் புரதமும் வந்துவிடுகின்றன. ஒரு கப் பால் தந்ததைவிட இது அதிகம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் பாலைப் பற்றிய என் பயம் போனது.

எவ்வளவு கூடுதலாக வேண்டும்? இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தை இயல்பாக ஆண்டுக்கு 2 முதல் 2.5 கிலோ வரை கூடும். ஒரு நாளைக்கு 5 முதல் 7 கிராம். உடலில் ஒரு கிராம் புதிதாகச் சேர ஏறத்தாழ 5 கலோரி தேவை. ஆகவே தினமும் 150, 200 கலோரி கூடுதலாகப் போய்ச் சேர்ந்தாலே பின்தங்கிய குழந்தை மெல்ல எட்டிப்பிடிக்கத் தொடங்கிவிடும். மலையைப் புரட்டும் வேலை இல்லை, நாளுக்கு நாலைந்து ஸ்பூன் விஷயம்.

ஆனால் எண்ணெயை மட்டும் நம்பிவிடக் கூடாது. கொழுப்பு வயிற்றை மெதுவாகத்தான் காலி செய்யவிடும். ஒரே வேளையில் அதிகம் ஊற்றினால் அடுத்த வேளைப் பசி போய்விடும், சிலருக்கு வயிறும் இளகும். தசையும் உயரமும் வளரப் புரதம் வேண்டும். ஒவ்வொரு வேளையிலும் முட்டை, மீன், கோழி, பருப்பு, பயறு, டோஃபு (சோயா பாலை உறையவைத்த கட்டி) என்று ஏதாவது ஒன்று கூடவே இருக்கட்டும். முழுக் கொட்டைகள் தொண்டையில் அடைக்கும் அபாயம் உள்ளவை. நான்கைந்து வயது வரை அரைத்தோ, மெல்லியதாகத் தடவியோதான் கொடுக்க வேண்டும். ஏற்கனவே ஒரு ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு நிலக்கடலையையோ முட்டையையோ முதல் முறை கொடுக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சர்க்கரையைக் கூட்டி எடை ஏற்றலாமே என்று தோன்றும். இனிப்பும் ஜூஸும் பசியை அடைத்துவிட்டுப் போகும், வேறொன்றும் தராது. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 120 மில்லிக்கு மேல் ஜூஸ் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017-இல் சொன்னது. ஒல்லியான குழந்தைக்கும் அது பொருந்தும்.

ஊட்டச்சத்து மாவுகளும் பானங்களும்

இவற்றில் இரண்டு ரகம். மருத்துவப் பயன்பாட்டுக்கான பானங்கள் பொதுவாக ஒரு மில்லிக்கு 1 கலோரி தரும், அடர்த்தியானவை 1.5 வரை போகும். புரதம், வைட்டமின், தாது எல்லாம் அளந்து சேர்த்திருப்பார்கள். எடை மிகவும் பின்தங்கிய குழந்தைக்கும், நாலைந்து உணவுக்கு மேல் வாயிலேயே வைக்காத குழந்தைக்கும் இவை உண்மையிலேயே காப்பாற்றும். விளம்பரங்களில் வரும் சாக்லேட் சுவை மாவுகள் வேறு. அவற்றில் பலவற்றில் சர்க்கரைதான் பெரும்பங்கு, பால் பவுடரும் கலந்திருக்கும். பணத்தை அங்கே செலவழிப்பதற்குப் பதில் முட்டை வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. "லாக்டோஸ் இல்லாதது" என்று போட்டிருக்கும் பானங்கள் பலவற்றில் புரதம் பாலிலிருந்துதான் வருகிறது. எங்களுக்கு ஒரு கடையில் அப்படி ஒரு டப்பாவைத்தான் தைரியமாக எடுத்துக் கொடுத்தார்கள். பின்னால் திருப்பிப் பார்த்தால் முதல் வரியிலேயே கேசின். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு கேசின், கேசினேட், வே, பால் திடப்பொருள் என்ற சொற்கள் எதுவும் இருக்கக் கூடாது. சோயா அடிப்படையிலான வகைகளும் சிறப்பு வகைகளும் கிடைக்கின்றன. நிபுணரைக் கேட்டு, எத்தனை வாரம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு தொடங்குங்கள். சாப்பாட்டுக்கு முன் கொடுத்தால் சாப்பாடு போய்விடும். சாப்பாட்டுக்குப் பிறகோ, தூங்கும் முன்போ கொடுப்பது நல்லது.

பசியைத் தூண்டும் மருந்துகளைப் பற்றியும் கேட்பார்கள். மருத்துவர் சில குழந்தைகளுக்கு எழுதுவதுண்டு, தூக்கக் கலக்கம் போன்ற பக்க விளைவுகளும் உண்டு. பெற்றோர் தாமாக வாங்கிக் கொடுக்கும் பொருள் அது இல்லை.

நேரமும் கால்சியமும்

எந்த வழியை எடுத்தாலும் குழந்தைக்குப் பசி இருந்தால்தான் வேலை செய்யும். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிறு உணவு, நடுவே இரண்டரை முதல் மூன்று மணி நேர இடைவெளி. அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும். ஒரு வேளை இருபது, முப்பது நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் சொன்ன பங்கீடு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடலாமா, எவ்வளவு என்பது பிள்ளை பொறுப்பு. பயத்தில் நான் பல நாள் வாயில் திணித்திருக்கிறேன். அவன் தட்டைப் பார்த்ததும் அழத் தொடங்கியபோதுதான் நிறுத்தினேன். நிறுத்திய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தானே சாப்பிட வந்தான்.

கால்சியத்தை மறந்துவிடாதீர்கள். ஒன்று முதல் மூன்று வயதுக்கு நாளுக்கு 700 மில்லிகிராம், நான்கு முதல் எட்டு வயதுக்கு 1,000 மில்லிகிராம், இந்த இரு வயதுப் பிரிவினருக்குமே வைட்டமின் டி 600 யூனிட் என்பது அமெரிக்கப் பரிந்துரை. கால்சியம் சேர்த்த சோயா பால், கால்சியம் கொண்டு உறையவைத்த டோஃபு, முள்ளோடு சாப்பிடும் சிறு மீன், எள் உதவும். பசலைக்கீரையில் கால்சியம் நிறைய இருந்தும், ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உடலுக்குச் சேருவது சொற்பம். போதவில்லை என்றால் சொட்டு மருந்தோ மாத்திரையோ மருத்துவர் தருவார்.

எதைத் தேர்ந்தெடுத்தீர்களோ, அது வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது

தினமும் எடை பார்க்காதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாலே எண் மாறும். மாதம் ஒரு முறை, ஒரே தராசில், உயரத்தையும் சேர்த்து அளந்து வளர்ச்சி அட்டவணையில் குறியுங்கள். ஐந்து வயது வரைக்கும் உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அட்டவணை இருக்கிறது. வயதுக்கேற்ற எடை, அதில் நடுக்கோட்டுக்குக் கீழே வரைந்திருக்கும் மைனஸ் 2 கோட்டுக்கும் கீழே இருந்தால் எடைக்குறைவு, மைனஸ் 3-க்குக் கீழே என்றால் கடுமையான எடைக்குறைவு. ஆனால் ஒரு புள்ளியைவிடக் கோடு போகும் திசை முக்கியம். சிறிய உடல்வாகு கொண்ட பெற்றோரின் குழந்தை கீழ்க்கோட்டிலேயே ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. மேலே இருந்து கோடுகளைத் தாண்டிக் கீழே இறங்கும் குழந்தையைத்தான் உடனே கவனிக்க வேண்டும்.

எடை குறைந்துகொண்டே போனாலோ, மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, பச்சை நிற வாந்தி, அடிக்கடி காய்ச்சல், உயரம் நின்றுபோவது, எப்போதும் சோர்ந்து கிடப்பது இவற்றில் ஒன்று இருந்தாலோ, உணவு மாற்றிப் பார்த்துக் காலத்தை ஓட்ட வேண்டாம். மற்றபடி நான் சொல்லும் வரிசை இது: லாக்டோஸ் மட்டும் என்றால் லாக்டோஸ் நீக்கிய பால், தயிர், சீஸ். ஒவ்வாமை என்றால் தட்டைக் கெட்டிப்படுத்துவது, கூடவே சோயாவோ பட்டாணியோ. ஆறு முதல் எட்டு வாரம் இதை ஒழுங்காகச் செய்தும் கோடு மேலே திரும்பாவிட்டால், நிபுணரின் துணையோடு ஊட்டச்சத்துப் பானம். எடை ஏற்கனவே மைனஸ் 3-ஐ ஒட்டி இருந்தால் காத்திருக்காமல் முதல் நாளிலேயே மருத்துவர்.

எங்கள் வீட்டில் பாதாம் பால் போய் சோயா வந்தது. காலையில் முட்டை, மாலையில் பீனட் பட்டர், இரண்டு வேளைச் சோற்றிலும் ஒரு டீஸ்பூன் எண்ணெய். முதல் மாதம் 200 கிராம் கூடினான். ஆறாவது மாதம் தன் பழைய கோட்டுக்குத் திரும்பியிருந்தான்.

பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளி வயதுக்குள் அதிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள். அதனால் ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு முறை, மறுபடி கொடுத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தேவையில்லாமல் ஆண்டுக்கணக்கில் பாலை விலக்கி வைப்பதும் குழந்தைக்கு இழப்புதான். நன்றாக வெந்த கேக், பிஸ்கட்டில் கலந்த பாலிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே போகும் முறை இருக்கிறது. மாவோடு சேர்ந்து அதிக வெப்பத்தில் வேகும்போது பால் புரதத்தின் வடிவம் மாறிவிடுவதால் பல குழந்தைகள் அதை முதலில் தாங்கிக்கொள்வார்கள். என் மகன் ஐந்து வயதில் அப்படித்தான் தொடங்கினான், ஒரு பிஸ்கட்டில் கால் பங்கோடு.